தவக்காலமும் கத்தோலிக்க இல்லமும்: சேத்தியாத்தோப்பு வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழகக் கத்தோலிக்கரின் வழிபாட்டு ஆண்டில் திருநீற்றுப் புதன் தொடங்கிப் பாஸ்கா வரை நீளும் தவக்காலம், திருச்சபைச் சட்டம் வரையறுத்த காலமாக மட்டுமன்றி, ஊரும் இல்லமும் வடிவமைத்த காலமாகவும் விளங்குகிறது. புதுவை–கடலூர் உயர் மறைமாவட்ட எல்லைக்குள் அமைந்த சேத்தியாத்தோப்பு வட்டாரத்தைக் களமாகக் கொண்டு, ஒருசந்தி, சுத்தபோசனம், விபூதிப் புதன் முதலான சொற்களின் வரலாற்றையும், நோன்புச் சட்டத்தின் மாற்றங்களையும், துயரப் பாடல் மரபையும், பவனித் தெருவில் வெளிப்படும் சாதி வேறுபாட்டையும் இக்கட்டுரை ஆராய்கிறது. சட்டம் தளர்ந்த பின்னரும் நோன்பு தளராமல் நிற்பதற்கு இல்லமே காரணம் என்பதும், இல்லத்தில் நிறைவெய்தும் தவம் தெருவில் நிறைவெய்தாமல் நிற்பதே இம்மரபின் தீராத சிக்கல் என்பதும் இதன் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: தவக்காலம், ஒருசந்தி, சுத்தபோசனம், விபூதிப் புதன், வியாகுலப் பிரசங்கம், புதுவை–கடலூர் உயர் மறைமாவட்டம்.

முன்னுரை

தமிழ்க் கிறித்தவம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் மறைப்பணியாளர், அவர்தம் நூல்கள், மதமாற்றம், கல்விப்பணி ஆகியவற்றை மையமாகக் கொண்டவை. ஆண்டுதோறும் மீள நிகழும் நோன்பு, உணவு விலக்கு, திருமண விலக்கு போன்ற நடைமுறைகள் அவற்றுள் ஓரத்துச் செய்திகளாகவே இடம்பெறுகின்றன. ஆயின் ஒரு சமயம் மக்களிடையே வேர்கொண்ட முறையை அறிதற்கு இந்நடைமுறைகளே உறுதியான சான்றுகளாகும். நூல் வாசிக்காத இல்லத்திலும் அடுப்பு எரிகிறது. அவ்வடுப்பில் எது வேகக்கூடாது என்னும் முடிவிலும் சமய வரலாறு உண்டு. இக்கருத்தினை அடிப்படையாகக் கொண்டு தவக்கால வழக்காறுகள் இங்கு நோக்கப்படுகின்றன.

1. வட்டாரப் பின்புலம்

வெள்ளாற்றின் கரையில், அதன் அணைக்கட்டை ஒட்டி அமைந்த ஊர் சேத்தியாத்தோப்பு. தெற்கே வீராணம் ஏரியும், தென்கிழக்கே சிதம்பரமும், மேற்கே விருத்தாசலமும், வடக்கே நெய்வேலி நகரியமும் அமைந்துள்ளன. நெல்லும் கரும்பும் இவ்வட்டாரத்தின் முதன்மைப் பயிர்கள். 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோற்றுவிக்கப்பட்ட பின், வேளாண் சமூகத்தின் அருகிலேயே முறைப்பணி செய்யும் தொழிலாளர் சமூகமும் உருவாயிற்று. தென்னார்க்காடு மாவட்டத்துள் அடங்கியிருந்த இப்பகுதி 1993 முதல் கடலூர் மாவட்டத்தைச் சார்ந்தது.

கத்தோலிக்க மறைப்பணி வரலாற்றில் இவ்வட்டாரம் இரு மரபுகள் சந்தித்த இடமாகும். தெற்கிலிருந்து மதுரை மறைப்பணியும், கிழக்கிலிருந்து புதுவையை மையமாகக் கொண்ட கர்நாடக மறைப்பணியும் இங்கு வந்தடைந்தன. வீரமாமுனிவர் என அறியப்படும் கான்சுதாந்தின் யோசேப்பு பெசுகி (1680–1747) பணியாற்றிய கோணான்குப்பமும் ஏலாக்குறிச்சியும் வெள்ளாற்றிற்கும் கொள்ளிடத்திற்கும் இயைந்த நிலப்பரப்பில் உள்ளவை. விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்துப் பெரியநாயகி மாதா கோவில் அவரோடு தொடர்புபடுத்தப்படுவது. 1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டதும், 1776இல் பாரிசு அயல்நாட்டு மறைப்பணிக் கழகத்தார் புதுவைப் பகுதியின் பொறுப்பை ஏற்றனர். 1886இல் புதுவை உயர் மறைமாவட்டமாயிற்று. 1953இல் புதுவை–கடலூர் எனப் பெயர் பெற்றது.

பரந்த நிலப்பரப்பில் குருக்கள் மிகச் சிலராகவே இருந்தமையால், ஊர்களின் அன்றாடச் சமய வாழ்வு உபதேசியார் கையில் இருந்தது. வீரமாமுனிவர் இத்தகையோர்க்கென ‘வேதியர் ஒழுக்கம்’ என்னும் உரைநடை நூலை இயற்றியமை அவர்தம் இன்றியமையாமையைக் காட்டும். குருவின்றியும் நோன்பு நோற்கலாம். குருவின்றித் திருப்பலி இல்லை. எனவே குரு வாராத ஊர்களில் தவக்காலத்தின் பெரும்பகுதி செபம், உணவு விலக்கு, சிலுவைப்பாதை என்னும் வடிவங்களிலேயே நிலைபெற்றது என்று கருத இடமுண்டு.

2. சொல்வழி அறியலாகும் வரலாறு

தவக்காலத்தைக் குறிக்கத் தமிழ்க் கிறித்தவருள் சபைதோறும் வெவ்வேறு சொற்கள் வழங்குகின்றன. சீர்திருத்தச் சபையார் ‘லெந்து’ என்னும் கடன்சொல்லை ஆள்வர். கத்தோலிக்கர் ‘தபசுகாலம்’ என்றும், பின்னர் ‘தவக்காலம்’ என்றும் வழங்கினர். தபசு, தவம் என்னும் சொற்கள் இந்நிலத்தில் முன்பே ஆழ்ந்த பொருள் கொண்டவை. உடலை ஒறுத்து அருள் பெறுதல் என்னும் அப்பொருள், மனமாற்றத்தை வலியுறுத்தும் கிறித்தவக் கருத்தோடு இணைந்து நின்றது.

நோன்பைக் குறித்த ‘ஒருசந்தி’ என்னும் சொல் மேலும் நோக்கத்தக்கது. ஒருபொழுது மட்டும் உண்டிருத்தல் என்பது இதன் பொருள். சைவ, வைணவ இல்லங்களின் விரதங்களிலும் இச்சொல் வழங்கும். திருச்சபைச் சட்டம் விதித்த நோன்பும் நாளுக்கு ஒரு நிறையுணவு என்பதே. சட்டத்தின் வரையறையும் தமிழரின் வழக்கும் ஒரே அளவினவாய் இருந்தமையால் இச்சொல் எவ்வித விளக்கமுமின்றி இயல்பாகப் பொருந்தியது. 1606இல் மதுரையில் பணிதொடங்கிய இராபர்ட் தெ நோபிலி புலால் நீக்கி ஒருவேளை மட்டும் உண்டு வாழ்ந்தமை, துறவிக்குரிய அடையாளமாகவே மக்களால் கொள்ளப்பட்டது.

‘சுத்தபோசனம்’ என்பது புலால் விலக்கைக் குறித்த சொல். இங்குச் சொல் சட்டத்தைக் கடந்து சென்றது. திருச்சபைச் சட்டம் விலக்குவது விலங்கு, பறவை ஆகியவற்றின் இறைச்சியை மட்டுமே, மீனுக்குத் தடையில்லை. 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு முட்டையையும் பாற்பொருளையும் தடைசெய்யவில்லை. ஆயின் தமிழ் வழக்கில் ‘சுத்தம்’ என்பது கவிச்சி என்னும் கருத்திற்கு எதிரானது; மீனும் முட்டையும் கவிச்சியுள் அடங்கும். எனவே சுத்தபோசனம் எனப் பெயர் பெற்ற உடனே, சட்டம் அனுமதித்த மீனும் உள்நாட்டு இல்லங்கள் பலவற்றில் விலக்குக்கு உள்ளாயிற்று. வெள்ளாறும் வீராணமும் மீன்வளம் மிக்கவை என்பதை எண்ணின், இவ்விலக்கின் கடுமை விளங்கும். கடலையே தொழிலாகக் கொண்ட கரையோரக் கத்தோலிக்கர்க்கு இவ்விரிவு அதே அளவில் பொருந்தாது என்பதும் கருதத்தக்கது.

தவக்காலத்தின் முதல் நாளைக் குறித்த ‘விபூதிப் புதன்’ என்னும் பெயரில் ஒரு வரலாற்று முரண் பொதிந்துள்ளது. திருத்தந்தையின் தூதுவராகப் புதுவைக்கு வந்த மெயார்டு தெ தூர்னோன் 1704இல் அங்கு வெளியிட்ட ஆணை, மலபார் சடங்குகள் எனப்பட்டவற்றைத் தடைசெய்தது. சாணச் சாம்பலாலாகிய திருநீற்றைக் கிறித்தவர் அணிதலும் அத்தடைகளுள் ஒன்று. 1744இல் திருத்தந்தை 14ஆம் ஆசீர்வாதப்பர் அத்தடைகளை உறுதிசெய்தார். அதே திருச்சபையே ஆண்டுக்கு ஒரு நாள் நெற்றியில் சாம்பலிட்டது. பொருளை மறுத்து, வேறொரு பொருளை ஏற்று, இரண்டிற்கும் ஒரே பெயரை மக்கள் வழங்கினர். பிற்காலத்தில் ‘சாம்பல் புதன்’ என்றும் ‘திருநீற்றுப் புதன்’ என்றும் பெயர்கள் தோன்றின. வடசொல்லை நீக்கித் தனித்தமிழாக்கிய போதும் சைவ மரபின் சொல்லே மீண்டும் வந்து நின்றமை, சமய எல்லைகளைக் காட்டிலும் மொழியின் எல்லை அகன்றது என்பதற்குச் சான்றாகும்.

இச்சாம்பலின் மூலமும் இல்லமே. முந்தைய ஆண்டுக் குருத்து ஞாயிறன்று மந்திரிக்கப்பட்ட ஓலையைச் சிலுவையாக முடைந்து வீட்டுப் பீடத்தில் வைப்பர். ஆண்டு முழுவதும் அங்கிருந்து உலர்ந்த ஓலை, தவக்காலத்தின் முன்பு கோவிலுக்குத் திரும்பிச் சாம்பலாகிறது. கோவிலிலிருந்து இல்லத்திற்கும் இல்லத்திலிருந்து கோவிலுக்குமான இச்சுழற்சி, இரண்டையும் பிணைக்கும் எளிய, ஆனால் உறுதியான கயிறு எனலாம்.

3. சட்டத்தின் தளர்வும் வழக்கின் உறுதியும்

1215ஆம் ஆண்டின் நான்காம் இலாத்தரன் சங்கம், ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்தலையும் பாஸ்கா காலத்தில் நற்கருணை பெறுதலையும் கடமையாக்கியது. இக்கடமை தமிழ் அச்சு வரலாற்றையும் தொட்டது. அண்ட்ரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ (1578), ‘கிரிசித்தியானி வணக்கம்’ (1579) ஆகியவற்றை அடுத்து 1580இல் அச்சேறியது பாவசங்கீர்த்தனத்திற்கு உதவும் நூலே. தமிழில் அச்சேறிய தொடக்க நூல்களுள் ஒன்று மனச்சான்றை ஆராயும் நூலாக அமைந்தமை தற்செயலன்று. மக்கள் தம் குற்றங்களைத் தம் மொழியிலேயே சொல்ல வேண்டியிருந்தது.

1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின்படி தவக்காலத்தின் ஞாயிறு நீங்கிய எல்லா நாள்களும் நோன்பு நாள்கள். திருநீற்றுப் புதனிலும் வெள்ளி, சனிக்கிழமைகளிலும் புலால் விலக்கும் உடன் இருந்தது. 1966 பிப்ரவரி 17 அன்று திருத்தந்தை 6ஆம் பவுல் வெளியிட்ட திருத்தூது ஆணை இதனைப் பெரிதும் தளர்த்தியது. நோன்பு திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி என்னும் இரு நாள்களுக்குச் சுருங்கியது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பும் இவ்வமைப்பையே பின்பற்றி, 18 வயது நிறைந்தோர் 59 வயது நிறையும் வரை நோன்பிருக்கவும், 14 வயது நிறைந்தோர் புலால் விலக்கவும் விதித்தது.

சட்டத்தை மட்டும் நோக்கின், நாற்பது நாள் நோன்பு இரு நாள் நோன்பாயிற்று. இல்லத்தை நோக்கின் நிலை வேறு. தமிழகக் கத்தோலிக்க இல்லங்கள் பலவற்றில் இன்றும் தவக்காலம் முழுவதும் புலால் சமைப்பதில்லை. சிலர் ஞாயிற்றுக்கிழமையை விலக்காகக் கொள்வர். திருநீற்றுப் புதன் முதல் பெரிய சனி வரை உள்ள 46 நாள்களுள் ஆறு ஞாயிறுகளை நீக்கியே நாற்பது என்னும் கணக்கு அமைவதால், இது சட்டத்தின் வழிப்பட்டது. வேறு சிலர் ஞாயிற்றையும் சேர்த்து நோற்பர். இது காப்புக் கட்டி முடிவு நாள் வரை இடைவிடாது காக்கும் நாட்டு விரதத்தின் வழிப்பட்டது.

இத்தொடர்ச்சிக்கு இரு காரணங்கள் கூறலாம். முதலாவது, ஒரே சமையலறையில் ஒருவர்க்கு மட்டும் தனி உணவு என்பது இயலாமை. சட்டம் தனிமனிதரின் வயதைக் கணக்கிடுகிறது. அடுப்போ குடும்பம் முழுவதற்கும் ஒன்று. சமைப்பவர் நோன்பு நோற்பின் குழந்தையும் முதியவரும் அந்நோன்பின் பயனில் பங்குபெறுவர். இல்ல நோன்பின் காவலர் தாயும் பாட்டியுமே என்பது இதனால் பெறப்படும். இரண்டாவது, அண்டை இல்லங்களின் ஒத்துழைப்பு. தவக்காலம் பெரும்பாலும் மாசி, பங்குனி மாதங்களில் அமைகிறது. மாசி மகமும் பங்குனி உத்திரமும் அம்மன் கோவில் விழாக்களும் நிகழும் காலம் இது. பாஸ்கா நாள் முழுநிலவைக் கொண்டு கணிக்கப்படுவதால் புனித வாரமும் பங்குனி உத்திரமும் அடிக்கடி நெருங்கி வருகின்றன. 2018இல் பெரிய வெள்ளியும் பங்குனி உத்திரமும் மார்ச் 30 என்னும் ஒரே நாளில் அமைந்தன. தெருவில் பலரும் விரதம் காக்கும் காலத்தில் கத்தோலிக்க இல்லத்தின் விரதம் விந்தையாகத் தோன்றுவதில்லை.

4. திருமண விலக்கும் வேளாண் நாள்காட்டியும்

திரிதெந்தீன் சங்கம் 1563இல், திருவருகைக் காலம் தொடங்கித் திருக்காட்சி விழா வரையும், திருநீற்றுப் புதன் தொடங்கிப் பாஸ்காவின் எட்டாம் நாள் வரையும் ஆடம்பரத் திருமணங்களைத் தடைசெய்தது. இத்தடை தமிழ் நாள்காட்டியோடு பொருந்திய முறை கருதத்தக்கது. திருவருகைக் காலத்தின் பிற்பகுதியும் திருக்காட்சி வரையிலான நாள்களும் மார்கழியில் அடங்கும். மார்கழியில் தமிழர் திருமணம் செய்வதில்லை. திருக்காட்சிக்கும் திருநீற்றுப் புதனுக்கும் இடைப்பட்டது தை மாதமும், ஆண்டுக்கு ஏற்ப மாசியின் ஒரு பகுதியும் ஆகும். சம்பா அறுவடை முடிந்து இல்லத்தில் நெல் சேரும் காலமும் அதுவே.

ஆகவே ‘தை பிறந்தால் வழி பிறக்கும்’ என்னும் முதுமொழி கத்தோலிக்க உழவர்க்கும் முழுமையாகப் பொருந்தியது. ஆயின் அவர்க்கு அவ்வழி திருநீற்றுப் புதனன்று அடைபடும். அந்நாள் பிப்ரவரி 4 முதல் மார்ச் 10 வரை எந்நாளிலும் அமையக்கூடும். முற்பட்டு வரும் ஆண்டில் திருமணத்திற்குரிய காலம் நான்கு வாரமாகவும், பிற்பட்டு வரும் ஆண்டில் ஒன்பது வாரமாகவும் அமைவதால், வரன் பேசுதலும் கடன் வாங்குதலும் அறுவடைக் கணக்கும் இந்நாளை நோக்கியே இயங்கின. பங்குகளில் காக்கப்படும் கல்யாணப் பதிவேடுகளை மாதவாரியாகத் தொகுத்தாராயின் இப்பொருத்தத்தின் அளவைத் துல்லியமாக நிறுவ இயலும்.

5. துயரத்தின் மொழி

தவக்கால வெள்ளிக்கிழமைகளுக்குரிய சிலுவைப்பாதை, 1731இல் திருத்தந்தை 12ஆம் கிளமெந்து பதினான்கு நிலைகளை உறுதிப்படுத்திய பின் உலகெங்கும் பரவியது. குருவின் துணையின்றியும் நடத்தத்தக்க வழிபாடு இது. ஒவ்வொரு நிலையிலும் மண்டியிட்டு எழுந்து பாடி நகரும் இயக்கம் எழுத்தறியாதார்க்கும் பாடுகளின் வரலாற்றை மனப்பாடமாக்கியது.

இலத்தீன் வழிபாட்டுக் காலத்தில் பெரிய வெள்ளியின் சடங்கைக் கண்ட மக்கள் அதன் சொற்களை அறியார். அவ்விடைவெளியை நிரப்பியவை தமிழ்ப் பிரசங்கங்களும் புலம்பல்களும் ஆகும். இலங்கையில் 1705 முதல் பணியாற்றி 1742இல் மறைந்த கோவாவைச் சார்ந்த யாக்கோமே கொன்சால்வசு அடிகளாரின் ‘வியாகுலப் பிரசங்கம்’ இவ்வகையில் தலையாயது. இயேசுவின் பாடுகளை இசையோடு வாசித்து, கேட்போர் கண்ணீர் சிந்தும் முறையில் அமைந்த இவ்வுரைநடை ஈழத்துக் கத்தோலிக்கரிடையே தவக்காலத்தின் குரலாகவே நிலைத்தது. மகனை இழந்த தாயின் புலம்பலாகப் பாடுகளைக் காண்பது தமிழரின் ஒப்பாரி மரபுக்கு அணுக்கமானது. இறப்பு வீட்டில் பெண்கள் பெற்றிருந்த குரலுரிமை, வியாகுல மாதாவின் வழியாக வழிபாட்டினுள் நுழைந்தது எனலாம்.

1955இல் புனித வாரச் சடங்குகள் சீரமைக்கப்பட்டு மாலை நேரத்திற்கு மாற்றப்பட்டன. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1963ஆம் ஆண்டு வழிபாட்டுக் கொள்கைத்திரட்டுக்குப் பின் தமிழ் வழிபாட்டு மொழியாயிற்று. சடங்கே தமிழில் பேசத் தொடங்கியதும் புலம்பல் மரபின் தேவை குறைந்தது. முன்பு இல்லாத தெளிவு கிடைத்தது. முன்பு இருந்த கண்ணீர் குறைந்தது.

6. தெருவும் தவமும்

தவக்காலம் கோவிலைக் கடந்து தெருவிற்கு வரும்போது, அத்தெரு எவருடையது என்னும் வினா எழுகிறது. குருத்தோலைப் பவனியும் பொதுச் சிலுவைப்பாதையும் பெரிய வெள்ளியில் ஆண்டவரின் திருவுருவைத் தாங்கிச் செல்லும் பவனியும் ஊரின் சாதி அமைப்பைத் தொடாமல் செல்ல இயலாதவை.

இச்சிக்கல் பழமையானது. 1704ஆம் ஆண்டு ஆணையும் அதனைத் தொடர்ந்த 1744ஆம் ஆண்டு ஆணையும் ஒடுக்கப்பட்ட கிறித்தவரின் இல்லங்களுக்குக் குருக்கள் செல்லாமையை ஒரு குறையாக எடுத்துப் பேசின. 1745இல் புதுவைக் கோவிலில் சாதியால் மக்களைப் பிரித்த தடுப்புச்சுவர் குறித்து எழுந்த பூசலை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாள்குறிப்பு பதிவுசெய்துள்ளது. அண்மைக் காலத்திலும் இது தீரவில்லை. இதே உயர் மறைமாவட்டத்தைச் சார்ந்த எறையூரில், தனிப்பங்கு வேண்டி ஒடுக்கப்பட்ட கிறித்தவர் எழுப்பிய கோரிக்கையை ஒட்டி 2008 மார்ச் 9 அன்று மோதல் ஏற்பட்டு, காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் இருவர் உயிரிழந்தனர். அவ்வாண்டின் பாஸ்கா மார்ச் 23. அந்நாள் தவக்காலத்து ஞாயிற்றுக்கிழமை. கோரிக்கையாளர் கையாண்ட போராட்ட வடிவங்களுள் உண்ணாநோன்பும் ஒன்று. பாவப் பரிகாரத்திற்கான நோன்பும் நீதிக்கான நோன்பும் ஒரே காலத்தில் ஒரே ஊரில் எதிரெதிரே நின்ற நிகழ்வு இது.

பெரிய வியாழனின் பாதம் கழுவும் சடங்கும் இவ்வினாவை எழுப்புவது. பன்னிருவராக எவர் அழைக்கப்படுகின்றனர் என்பதில் பங்கின் மனநிலை வெளிப்படும். 2016 சனவரியில் உரோமை வெளியிட்ட ஆணை பெண்களும் அவ்வரிசையில் அமரலாம் என அனுமதித்தது. இல்லத்து நோன்பைக் காத்த பெண்கள் கோவிலின் சடங்கில் இடம்பெற அத்தனைக் காலம் தேவைப்பட்டது.

7. தொழில் நகரியமும் இல்லத் தவமும்

நெய்வேலி போன்ற நகரியத்தில் தவக்காலம் வேறொரு சோதனைக்கு உள்ளாகிறது. ஒருசந்தி என்பது பொழுதை அடிப்படையாகக் கொண்டது. மூன்று முறைகளில் இயங்கும் சுரங்கப்பணியோ பகலிரவு வேறுபாட்டை மாற்றுகிறது. இரவுப்பணி முடித்து வருபவர்க்கு எது முதற்பொழுது என்னும் ஐயம் சட்டநூலில் தீராது. வெள்ளி மாலைச் சிலுவைப்பாதைக்கு வர இயலாதவர், தவத்தைப் பணவடிவிலோ வேறு ஒறுத்தல் வடிவிலோ மாற்றிக்கொள்ள நேர்கிறது. 1962இல் தோன்றிய காரித்தாசு இந்தியா அமைப்பின் தவக்கால நிதித்திரட்டு இத்தகைய மாற்றத்திற்கு ஏற்ற வடிவம். உண்ணாது மீந்ததைப் பிறர்க்கு அளித்தல் என்னும் பழைய கருத்து, கைப்பிடி அரிசியிலிருந்து காணிக்கை உறைக்கு மாறியது.

2020ஆம் ஆண்டு இல்லத் தவத்தின் எல்லையைக் காட்டியது. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. ஏப்ரல் 10 பெரிய வெள்ளியன்று கோவில்கள் மக்களின்றி இருந்தன. திருப்பலி தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் மாறியது. ஆனால் சிலுவைப்பாதையும் செபமாலையும் புலால் விலக்கும் மாற்றமின்றி இல்லத்தில் தொடர இயன்றது. குரு வாராத 18ஆம் நூற்றாண்டு ஊர்களில் உருவான வடிவங்களே குருவை அணுக இயலாத 2020இலும் பயன்பட்டன. அதே வேளையில் பாவசங்கீர்த்தனமும் நற்கருணையும் இல்லத்தில் இயலாதவை என்பதும் அவ்வாண்டில் வெளிப்பட்டது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

ஒருசந்தி, சுத்தபோசனம், விபூதி ஆகிய சொற்கள் வெறும் மொழிபெயர்ப்புகள் அல்ல. அவை தம் பழைய பொருளையும் உடன்கொண்டு வந்து, சட்டம் விதியாத கடுமையையும் சட்டம் விலக்கிய நினைவையும் நோன்பினுள் புகுத்தின.

1966ஆம் ஆண்டின் தளர்வு இல்ல வழக்கை அதே அளவில் தளர்த்தவில்லை. நோன்பின் உண்மையான அலகு தனிமனிதர் அல்லர். அடுப்பைப் பகிரும் குடும்பமே.

திருமண விலக்கு வேளாண் நாள்காட்டியோடு பொருந்தியமையால் புறத்திலிருந்து வந்த கட்டாயமாக உணரப்படாமல் ஊர் ஒழுங்காக நிலைபெற்றது.

அடுப்பை ஒன்றாக்கிய நோன்பு தெருவை ஒன்றாக்கவில்லை. புலாலை விலக்க ஊர் முழுவதும் இசைந்தது. சாதியை விலக்க அவ்வாறு இசையவில்லை. தவக்காலம் பற்றிய ஆய்வு உணவு விலக்கோடு நின்றுவிடின் இவ்வேறுபாடு மறைந்துபோகும். பங்குப் பதிவேடுகள், கையெழுத்துப் புலம்பல் ஏடுகள், பவனி வழிகள் ஆகியவற்றை ஒருங்கே வைத்து ஆராய்தல் இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.